பகல் சாப்பாட்டுப் பெட்டிக்கு முளைப்பயறா, ஊறுகாயா?

மலைச்சாரல், ஹட்டன் கேட்டது:

வணக்கம். உணவுச் சத்துக் குறித்து அறிந்தவர்கள் என்னுடைய ஐயத்தைத் தீர்த்து வைத்தால் உதவியாக இருக்கும்.

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். வயது 52. சில ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்து வருகிறார். அண்மையில் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.6 என வந்திருக்கிறது. உப்பைக் குறைக்கும்படியும் பயறு, கீரை வகைகளைக் கூட்டும்படியும் அங்கே சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அவர் காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு) போகும்போது கட்டிக்கொண்டு போவது ரொட்டியும் தேசிக்காய் ஊறுகாயும்தான். ஊறுகாய் தீர்ந்துவிட்டால் கட்டச் சம்பல், அதுவும் இல்லையென்றால் பொரித்த கருவாடு. ஊறுகாய் இருந்தால்தான் ஆறிப்போன ரொட்டி தொண்டையில் இறங்கும் என்றும், பயறு மத்தியானத்துக்குள் ஊசிப்போகும் என்றும் அவர் சொல்கிறார்.

ஊறுகாயை நிறுத்திவிட்டு முளைகட்டிய பயற்றைக் கொடுத்து அனுப்பலாம் என்று நான் நினைக்கிறேன். அண்ணியோ, ஊறுகாயில் விற்றமின் சியும் குடலுக்கு நல்ல பற்றீரியாவும் இருக்கின்றன, முளைப்பயறு வெறும் தண்ணீர் என்கிறார். இணையத்தில் தேடினால் இரண்டையுமே அமிர்தம் என்று எழுதியிருக்கிறார்கள். அளவுகளோடு யாராவது ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா? இன்னொன்று: அண்ணனின் பிள்ளைக்கு மூன்று வயது, முளைப்பயற்றை அவனுக்குப் பச்சையாகவே கொடுக்கலாமா?

ஊவாக்காரன், பதுளை எழுதியது:

உங்கள் அண்ணி சொன்னதில் ஒரு பகுதி உண்மை. ஆனால் அந்த உண்மை ஊறுகாய்க்குச் சாதகமானது அல்ல. உணவு விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் அளவுகளைச் சற்று விரிவாகவே தருகிறேன்.

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவுச் சத்து அட்டவணையை எடுத்துக்கொண்டால், பச்சைப் பயற்றின் (பாசிப்பயறு) அவிக்காத முளை 100 கிராமில் 90 கிராம் தண்ணீர்தான். மீதியில் 3 கிராம் புரதம், 2 கிராமுக்குச் சற்றுக் குறைவான நார்ச்சத்து, 13 மில்லிகிராம் விற்றமின் சி, 61 மைக்ரோகிராம் போலேற்று (இரத்தம் உருவாக உதவும் ஒரு பி வகை விற்றமின்), ஏறத்தாழ 0.9 மில்லிகிராம் இரும்பு ஆகியவை இருக்கின்றன. மொத்தச் சக்தி 30 கிலோகலோரி. சோடியம் வெறும் 6 மில்லிகிராம்; உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை இந்த அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கடைசி எண்ணைத்தான்.

ஆனால் அந்த அட்டவணை பேசுவது, சைனீஸ் உணவுக் கடைகளில் நூடில்ஸுடன் போடுகிற, விரல் நீளத்துக்கு வளர்ந்த வெள்ளை முளையைப் பற்றியது என்பதை மறந்துவிடக் கூடாது. நம் வீடுகளில் துணியில் கட்டிவைத்து, வால் அரை அங்குலம் எட்டிப் பார்த்ததும் எடுத்துவிடுகிற பயறு அந்த அளவுக்குத் தண்ணீரைக் குடித்திருக்காது. ஆகவே அதே எடைக்கு அதில் புரதமும் இரும்பும் கூடுதலாகவே இருக்கும். முளை கட்டாமல் அவித்த முழுப் பயற்றையும் இங்கே சேர்த்துப் பார்ப்பது நல்லது. அதன் 100 கிராமில் 7 கிராம் புரதம், 7.6 கிராம் நார்ச்சத்து, 1.4 மில்லிகிராம் இரும்பு, 159 மைக்ரோகிராம் போலேற்று இருக்கின்றன. விற்றமின் சி மட்டும் ஒரு மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது, அவித்த பயறு நீள முளையைவிடப் புரதத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் நிற்கிறது. முளை கட்டினால் புரதம் பல மடங்கு பெருகும் என்று பரவலாக எழுதப்படுவதை நம்ப வேண்டாம். முளைக்கும் விதை வளர்வதற்காகத் தன்னிடமுள்ள மாச்சத்தைத்தான் செலவழிக்கிறது. வெளியிலிருந்து அதற்குக் கிடைப்பது தண்ணீர் மட்டுமே.

பிறகு ஏன் முளை கட்ட வேண்டும் என்றால், அதற்கும் காரணங்கள் இருக்கின்றன. உலர்ந்த விதையில் மிகச் சொற்பமாக இருந்த விற்றமின் சி முளைக்கும்போது புதிதாக உருவாகிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப் பிடித்து வைத்திருக்கும் பைற்றிக் அமிலம் ஓரளவு சிதைவதால், உள்ள இரும்பு உடலில் சேர்வது சற்று எளிதாகிறது. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரைகளும் குறைந்துவிடுகின்றன. நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு வசதியும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பும் பயறும் மெதுவாக வேகும் என்று அங்குள்ளவர்கள் குறைப்படுவதற்கு அதுவே காரணம். ஹட்டனிலும் இந்தப் பாதிப்பு ஓரளவு இருக்கும். முளைத்த பயறு உலர்ந்த பயற்றைவிட விரைவில் வெந்துவிடுவதால், விறகும் எரிவாயுவும் விற்கும் விலையில் அதுவே பெரிய ஆதாயம்.

இனி ஊறுகாய். ஒரு கிலோ தேசிக்காய்க்கு 150 கிராம் உப்புப் போட்டு, மிளகாய்த் தூளும் எண்ணெயும் சேர்த்து மொத்தம் 1.25 கிலோ ஊறுகாய் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு உப்பு. ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம் ஊறுகாயில் 1.8 கிராம் உப்பு இருக்கும். சோடியமாகக் கணக்கிட்டால் 700 மில்லிகிராம். வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் உப்பு 5 கிராமுக்கு, அதாவது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆக, ஒரு கரண்டி ஊறுகாயிலேயே அந்த அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. வெயிலில் காயவைத்து நீர் வற்றச் செய்த ஊறுகாய் என்றால் இதைவிடவும் கூடும். ரொட்டி மாவில் போட்ட உப்பையும் இரவுக் கறியின் உப்பையும் கருவாட்டையும் இதன்மேல் கூட்டிப் பாருங்கள்.

அந்த ஒரு கரண்டி ஊறுகாயில் கிடைக்கும் புரதமும் இரும்பும் கணக்கில் எடுக்கத் தக்கவை அல்ல. விற்றமின் சி விடயத்தில், புதிய தேசிக்காய்ச் சாறு 100 கிராமிலேயே 30 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. வெயில், காற்று, மாதக்கணக்கான இருப்பு எல்லாவற்றையும் கடந்து வந்த ஊறுகாயில் மிஞ்சுவது அதில் ஒரு பகுதியே. 15 கிராமுக்கு எவ்வளவு வரும் என்பதை உங்கள் அண்ணியிடமே கணக்கிடச் சொல்லலாம்.

நல்ல பற்றீரியா என்பதும் எல்லா ஊறுகாய்க்கும் பொருந்தாது. கோவாவையோ கரட்டையோ அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உப்பில் பிசைந்து, காற்றுப் புகாமல் புளிக்க வைத்தால், இலற்றிக்கமிலப் பற்றீரியா பெருகி அந்தப் புளிப்பை உண்டாக்குகிறது. அதைச் சூடாக்காமல் உண்டால் அந்த உயிரிகள் குடலுக்குப் போகும். நம் அச்சாறு அப்படிப்பட்டதல்ல. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட், பப்பாசிக்காய் எல்லாவற்றையும் அரைத்த கடுகுடன் வினாகிரியில் போடும்போது புளிப்பு வெளியிலிருந்து வந்து சேர்கிறது. வினாகிரியின் அமிலத்தில் கெட்ட கிருமிகள் வளராது என்பது நல்ல செய்திதான். ஆனால் நல்லவையும் அங்கே பெருகுவதில்லை. தேசிக்காய் ஊறுகாயிலும் கடும் புளிப்பும் கடும் உப்பும் சேர்ந்து ஏறத்தாழ அதே வேலையைத்தான் செய்கின்றன.

எனவே இரண்டையும் ஒரே தராசில் வைப்பதே பொருந்தாது. முளைப்பயற்றை ஒரு கோப்பை உண்கிறோம், ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறோம். உங்கள் அம்மாவின் பெட்டியில் இப்போது இல்லாதது புரதமும் இரும்பும். ஏற்கெனவே மிதமிஞ்சி இருப்பது உப்பு. முதலாவதைப் பயறு ஓரளவு நிரப்பும், இரண்டாவதை ஊறுகாய் மேலும் ஏற்றும். முளை கட்டுவதற்கு நேரமில்லாத வாரங்களில் வெறுமனே அவித்த பயற்றைக் கொடுத்தாலும் போதும் என்பது என் கருத்து.

கொட்டகலை வாசகி எழுதியது:

ஊவாக்காரன் ஐயாவின் கணக்கில் தவறில்லை. ஆனாலும் ஊறுகாய்க்காக ஒரு வார்த்தை பேச விரும்புகிறேன். பனியிலும் மழையிலும் நின்று கொழுந்து பறித்துவிட்டு, கை விறைத்த நிலையில் ஆறிப்போன ரொட்டியைத் தின்பவருக்கு உறைப்பும் புளிப்பும் இல்லாவிட்டால் உணவு செல்லாது. என் சித்தி உப்பில்லாத பயற்றைக் கொண்டுபோய், அதில் பாதியை நாய்க்குப் போட்டுவிட்டு வெறும் ரொட்டியோடு நாளை ஓட்டியவர். உண்ணாத உணவில் எத்தனை கிராம் புரதம் இருந்தாலும் அது உடலில் சேரப்போவதில்லை.

நான் செய்வது இதுதான். சின்ன வெங்காயத்தையும் கரட்டையும் மெல்லியதாக அரிந்து, பச்சை மிளகாயும் அரைத்த கடுகும் மிளகும் சேர்த்து, வினாகிரி ஊற்றி ஓர் இரவு வைப்பேன். உப்பு இரண்டு சிட்டிகை போதும், ஏனென்றால் நாவைத் தூக்கிவிடுகிற வேலையைக் கடுகும் வினாகிரியும் பார்த்துக்கொள்ளும். உப்புக் குறைந்த அச்சாறு மாதக்கணக்கில் நிற்காது என்பது உண்மை. ஆகவே இரண்டு மூன்று நாட்களுக்கு வேண்டியதை மட்டும் போட்டு, குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதில் வைத்து முடித்துவிட வேண்டும். அவித்த பயற்றோடு இதைக் கலந்து கொடுத்துப் பாருங்கள், தங்கை. மலே அச்சாறு முறையில் சீனியும் பேரீச்சம்பழமும் சேர்ப்பது சுவைதான். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

அம்மா நாள் முழுவதும் மலையில் ஏறி இறங்குகிறார், வியர்வையில் உப்புப் போகிறது, ஆகவே ஊறுகாய் தேவை என்று எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது சரிதானா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி, நுவரெலியா எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உடலின் அடிப்படைத் தேவைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மில்லிகிராம் சோடியம் போதும். நம் வீட்டுச் சமையலில் ஊறுகாய் இல்லாமலே அதைப்போல் பல மடங்கு கிடைத்துவிடுகிறது. அதுவும் ஹட்டன் குளிரில் வடியும் வியர்வைக்காக இரத்த அழுத்தக்காரருக்கு ஊறுகாயைக் கூட்டுவது நியாயமே இல்லை. கருவாட்டைப் பற்றி யாரும் போதிய அளவு பேசவில்லை. அது ஊறுகாய்க்குச் சளைத்தது அல்ல. வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்பு ஓரளவு இறங்கும்.

இனி ஹீமோகுளோபின். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் அது 12 கிராமுக்குக் கீழே போனால் அதை இரத்தச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. 10.6 என்பதை முளைப்பயற்றால் மட்டும் சரிசெய்துவிடலாம் என்று யாரும் உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட வேண்டாம். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் இரும்பும், நின்றவருக்கு 8 மில்லிகிராமும் வேண்டும் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு. இரண்டு கோப்பைக்குச் சற்றுக் குறைவாக, 300 கிராம் அவித்த பயற்றைத் தின்றாலும் 4 மில்லிகிராம் அளவுதான் வரும். அதிலும் தாவர உணவின் இரும்பு சிறு பங்கே உடலில் சேரும். எனவே கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை ஒழுங்காக எடுக்கட்டும். இந்த வயதில் இரத்தம் குறைவதற்கு உணவுக் குறைவைத் தவிரவும் காரணங்கள் இருக்கலாம்: மிகையான உதிரப்போக்கு, குடற்புழு, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு. காரணத்தைக் கண்டறியும்படி வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள். அம்மாமார் தாமாகக் கேட்க மாட்டார்கள்.

ஊறுகாயையும் பயற்றையும் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஆனால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் தேநீர்ப் போத்தலைப் பற்றி எவரும் கேட்கவில்லை. சாப்பாட்டுடன் சேர்த்துத் தேநீர் குடித்தால், அதிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் தாவர உணவின் இரும்பைப் பற்றிக்கொண்டு, அது உடலில் சேர்வதைப் பாதிக்கும் மேலாகக் குறைத்துவிடக் கூடும். நாடு முழுவதற்கும் தேயிலை கொடுப்பவர்களிடம் தேநீர் குடிக்காதே என்று சொல்வது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. குடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடிக்கட்டும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவே கூடாது.

துவர்ப்புக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது விற்றமின் சி. அது கூடவே இருந்தால் பயற்றின் இரும்பு நன்றாகச் சேரும். அதற்கு ஊறுகாயை நம்ப வேண்டியதில்லை, முளையையும் பெரிதாக நம்ப வேண்டியதில்லை. லயத்துக்குப் பின்னால் நிற்கும் கொய்யா மரத்தைப் பாருங்கள். கொய்யாப்பழம் 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி இருக்கிறது. பாதிப் பழமே முளைப்பயறு, ஊறுகாய் இரண்டையும் ஓரங்கட்டிவிடும். கொய்யா இல்லாத காலத்தில், சாப்பிடும் நேரத்தில் பயற்றின் மேல் பிழியும் அரைத் தேசிக்காய் போதும்.

மூன்று வயதுப் பிள்ளைக்குப் பச்சை முளை கொடுக்கக் கூடாது என்பதே என் பதில். முளை கட்டும் சூடும் ஈரமும் பயற்றுக்கு மட்டுமன்றி, விதையின் மேல் ஒட்டிக்கொண்டு வந்த கிருமிகளுக்கும் பெருக வாய்ப்பாகின்றன. கழுவுவதால் அவை முழுமையாகப் போய்விடுவதில்லை. 2011ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஈ.கோலை கிருமி பரவி ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்று, 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குக் காரணமாக இறுதியில் கண்டறியப்பட்டது வெந்தய முளை. சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள் ஆகியோர் பச்சை முளையைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துவதற்கு இப்படிப்பட்ட நிகழ்வுகளே காரணம். நம் தோட்டங்களில் பீலித் தண்ணீரில்தான் ஊறவைக்கிறோம்; மழைக்காலத்தில் மலையிலிருந்து எதெல்லாம் அடித்துக்கொண்டு வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். கொதித்து ஆறிய நீரில் ஊறவைத்து, முளைத்ததும் நன்றாக அவித்துக் கொடுங்கள். அவித்து நீரை வடித்துவிட்டால் போலேற்றில் ஏறத்தாழ பாதி குறைந்துவிடும் என்பது உண்மை. சிறிது நீரில் அவித்து, அந்த நீரையும் பயற்றிலேயே வற்ற விடுவது அதற்கு நல்ல வழி. பச்சையாகத் தின்று கிடைக்கும் இரண்டு மில்லிகிராம் விற்றமினுக்காகப் பிள்ளையை வயிற்றோட்டத்தில் விட வேண்டாம்.

இதைப் படிப்பவர்களில் யாராவது வார்பரின் என்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால், முளைப்பயற்றை அன்றாட உணவாக்கும் முன் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். முளையில் விற்றமின் கே இருக்கிறது; அது அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கக் கூடும்.

வெலிமடை விவசாயி எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எந்தப் பயறு என்பதில் கவனம் வேண்டும். பச்சைப் பயறு, கௌபி, கொண்டைக்கடலை ஆகியவற்றைச் சமைப்பதற்கென்று விற்கும் கடையில் வாங்கி முளை கட்டுங்கள். விவசாயக் கடையில் நடுகைக்கு விற்கும் விதைப் பொதியிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அவற்றுக்கு மருந்து பூசுவார்கள், இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏற்றியிருப்பதும் அதற்கு அடையாளமாகத்தான். எங்கள் பக்கம் போஞ்சி அதிகம் என்பதால், முற்றிய போஞ்சி விதையையும் சிலர் முளை கட்டிப் பார்க்க நினைக்கிறார்கள். போஞ்சி இனத்து விதைகளில் உள்ள நச்சுப் புரதம் முளை கட்டுவதால் மட்டும் அழியாது. நன்றாக ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, புது நீரில் அரை மணித்தியாலமாவது கொதிக்க வைத்தால்தான் அது உண்ணத் தகுந்தது. பாதி வெந்ததைத் தின்றவர்களுக்குச் சில மணித்தியாலங்களில் கடும் வாந்தி வரும்.

குளிரில் பயறு முளைக்க மறுக்கிறது என்பவர்கள், இரவில் அடுப்பு அணைந்தபின் அதன் அருகே பாத்திரத்தை வைக்கலாம். மார்கழி, தை மாதங்களில் எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம். காலையும் மாலையும் அலசி, நீர் தேங்காமல் வடிய விட வேண்டும்; வழவழப்போ புளித்த வாடையோ வந்தால் அவிக்க முயலாமல் கொட்டிவிட வேண்டும்.

மலைச்சாரல், ஹட்டன் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. தாதி அம்மா தேநீர்ப் போத்தலைச் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா ரொட்டியை ஒரு கடி கடித்து ஒரு மிடறு தேநீர் குடிப்பவர். மாத்திரையை எதோடு விழுங்குகிறார் என்பதை இன்றே கேட்கிறேன். பயறு மத்தியானத்துக்குள் ஊசிப்போகும் என்ற அவருடைய வாதத்துக்குத்தான் இன்னும் விடை வேண்டும். காலை ஐந்து மணிக்குச் சமைத்தால் பன்னிரண்டு மணிவரை தாங்குமா?

ஊவாக்காரன், பதுளை எழுதியது:

ஹட்டன் குளிரில், செய்முறையில் கவனம் இருந்தால் தாங்கும். பதுளைச் சூட்டில் என்றால் நான் சற்றுத் தயங்குவேன். பயறு ஊசிப்போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு: தேங்காய்ப்பூ, வற்றாத நீர், சூட்டோடு பெட்டியை மூடுவது. முதல் நாள் இரவே அவித்து வெளியில் விட்டுவிடாமல், காலையிலேயே அவியுங்கள். முளைத்த பயறு விரைவில் வெந்துவிடும் என்பதால் அதிகம் முந்தி எழ வேண்டியதில்லை. நீர் முழுவதும் வற்றியபின் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பூண்டு தாளித்து வதக்கி இறக்குங்கள். தேங்காய்ப்பூவைச் சேர்க்க வேண்டாம். அம்மா வீட்டில் இருக்கும் நாட்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். அகன்ற தட்டில் பரப்பி, ஆவி அடங்கியபின் காய்ந்த பெட்டியில் போட்டு மூட வேண்டும். இல்லையென்றால் மூடியில் கோத்து நிற்கும் நீர் பயற்றின் மேலேயே சொட்டிக்கொண்டிருக்கும்.

கொட்டகலை அக்கா சொன்ன வினாகிரி அச்சாற்றைச் சிறு போத்தலில் தனியே கொடுத்து அனுப்புங்கள், உண்ணும்போது கலந்துகொள்ளட்டும். தேசிக்காய் ஊறுகாயை ஒரேயடியாக நிறுத்தினால் அம்மா பெட்டியையே எடுத்துப் போக மறுப்பார் என்று தோன்றினால், மேசைக்கரண்டியைத் தேக்கரண்டியாக்குங்கள். 15 கிராம் 5 கிராமாகும்போது அந்த 700 மில்லிகிராம் சோடியமும் 240 அளவுக்கு வந்துவிடும். பயறு தாளிக்கும்போது உப்பே போடாதீர்கள், அந்த ஊறுகாயின் உப்பு அதற்கும் போதும்.